படிவம் 26-ஐப் படிக்கும் வேலை

இந்தியாவில் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிடும் ஒவ்வொருவரும் வேட்புமனுவோடு ‘படிவம் 26’ என்னும் பிரமாணப் பத்திரத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். வேட்பாளர் மீதுள்ள குற்ற வழக்குகள், அவருடைய சொத்து, வாழ்க்கைத் துணையின் சொத்து, கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, வருமானம் வரும் வழி, கல்வித் தகுதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். தேர்தல் நடத்தும் அலுவலர் அதை வாங்கி, 24 மணி நேரத்துக்குள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதன் பிறகு அதை யார் படிப்பது, யார் சரிபார்ப்பது என்று சட்டம் எவரையும் நியமிக்கவில்லை. வேட்புமனு பரிசீலனையின்போது, பத்திரம் முறையாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்றுதான் அலுவலர் பார்ப்பார். அதில் எழுதியிருப்பது உண்மையா என்று விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

அந்த இடத்தை நிரப்புபவர்கள் செய்தியாளர்களும், தன்னார்வலர்களும், இளம் வழக்கறிஞர்களும், நில ஆவணம் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களும்தான். தேர்தலுக்குத் தேர்தல் இந்தப் பத்திரங்களை இறக்கி, தட்டச்சு செய்து, ஒப்பிட்டு, மக்கள் படிக்கும் மொழியில் தருவது இன்று ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

இந்த ஆவணம் எளிதில் கிடைத்துவிடவில்லை. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் 1999இல் ‘ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். திரிலோச்சன் சாஸ்திரி, ஜக்தீப் சோக்கர் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். வேட்பாளரின் குற்றப் பின்னணியை வாக்காளருக்குச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு மேலே போய், 2002 மே 2இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. அறிந்து வாக்களிப்பது, அரசியல் சாசனம் 19ஆவது பிரிவில் தந்திருக்கும் கருத்துரிமையின் பகுதி என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மற்ற எதிலும் சேராத கட்சிகள் இந்தத் தீர்ப்பை எதிர்ப்பதில் ஒன்றுசேர்ந்தன. தீர்ப்பின் வீச்சைக் குறைக்க ஓர் அவசரச் சட்டம் தயாரானது. குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த அப்துல் கலாம் விளக்கம் கேட்டு அதைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதை மாற்றாமல் மறுபடி அனுப்பவே, 2002 ஆகஸ்டில் அவர் கையெழுத்திட வேண்டியதாயிற்று. பின்னர் சட்டமாகவும் நிறைவேறிய அந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத் திருத்தத்தில் 33பி என்ற பிரிவு இருந்தது. எந்த நீதிமன்றம் என்ன சொன்னாலும், சட்டம் கேட்பதற்கு மேல் வேட்பாளர் எதையும் வெளியிடத் தேவையில்லை என்றது அது. 2003 மார்ச் 13இல் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தள்ளியது. அதே மாதம் தேர்தல் ஆணையம் புதிய உத்தரவைப் பிறப்பித்தது. வழக்குக்கு ஒன்று, சொத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்த பத்திரங்கள் 2012இல் ஒரே படிவமாயின. வருமானம் வரும் வழியைச் சொல்ல வேண்டும் என்பது லோக் பிரஹரி வழக்கில் உச்சநீதிமன்றம் 2018இல் தந்த தீர்ப்புக்குப் பிறகு உறுதியானது. ஐந்து ஆண்டு வருமானமும் வெளிநாட்டுச் சொத்தும் 2019 பிப்ரவரியில் சேர்ந்தன.

இந்த வரலாற்றைத் தெரிந்துவைத்திருப்பது வேலைக்கு அவசியம். 2009ஆம் ஆண்டுப் பத்திரத்தையும் 2024ஆம் ஆண்டுப் பத்திரத்தையும் கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிட முடியாது. படிவமே மாறியிருக்கிறது. முன்பு கேட்கப்படாத விவரத்தை அப்போது மறைத்தார் என்று எழுதுவது அநியாயம்.

பத்திரம் கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, அது யாருடையது என்று உறுதிசெய்வது. தமிழ்நாட்டில் இது சின்ன வேலை இல்லை. பெரிய வேட்பாளர் நிற்கும் தொகுதியில் அதே பெயர்க்காரர்கள் சுயேச்சையாக நிற்பது இங்கே பழைய வழக்கம். 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே முதலெழுத்தும் அதே பெயரும் கொண்ட வேறு சிலரும் களத்தில் இருந்தார்கள். அவசரத்தில் ஒருவரின் சொத்தை இன்னொருவரின் பெயரில் ஏற்றிவிட்டால், செய்தி பரவிய பிறகு திருத்தம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் தந்தை பெயர், வயது, முகவரி, புகைப்படம் நான்கையும் பார்த்த பிறகுதான் பத்திரத்தின் உள்ளே போவது வழக்கம்.

ஒரே வேட்பாளர் இரண்டு, மூன்று பத்திரங்கள் தாக்கல் செய்திருப்பதும் உண்டு. முதலில் தந்ததில் குறை இருக்கிறது என்று அலுவலர் சொன்னாலோ, கட்சி வழக்கறிஞர் கண்டுபிடித்தாலோ, திருத்திய பத்திரம் வரும். இறுதியாக வந்தது எதுவோ அதையே கணக்கில் கொள்ள வேண்டும் என்றாலும், முதல் பத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. முதலில் இல்லாத வழக்கு ஒன்று இரண்டாவதில் வந்திருந்தால், அதுவே ஒரு செய்தி. வேட்பாளரின் பத்திரத்தை மறுத்து வேறொருவர் தாக்கல் செய்யும் எதிர்ப் பிரமாணப் பத்திரமும் இணையதளத்தில் ஏற்றப்பட வேண்டியதுதான். பலரும் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

வழக்குப் பகுதியைப் படிக்கத்தான் மிகுந்த பொறுமை தேவை. முதல் தகவல் அறிக்கையின் எண், காவல் நிலையம், நீதிமன்றம், வழக்கு எண், சட்டப் பிரிவு, வழக்கின் சுருக்கம், குற்றச்சாட்டு வனையப்பட்டதா, வனையப்பட்டிருந்தால் என்றைக்கு என்பவை தனித்தனிக் கட்டங்களில் கேட்கப்படும். ‘இந்த வேட்பாளர் மீது 12 வழக்குகள்’ என்ற தலைப்பு எழுதச் சுலபம். அந்தத் தலைப்பு எதையுமே சொல்வதில்லை.

தமிழ்நாட்டு அரசியல்வாதியின் பத்திரத்தைத் திறந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 ஆகிய பிரிவுகள் திரும்பத் திரும்ப வரும். சட்டவிரோதமாகக் கூடியது, அதிகாரியின் தடை உத்தரவை மீறியது, வழிமறித்தது என்பவை அவை. ஆர்ப்பாட்டம், சாலை மறியல், உருவப்பொம்மை எரிப்பு என்று தெருவில் அரசியல் நடக்கும் மாநிலத்தில் எதிர்க்கட்சிக்காரர் எவருக்கும் இந்த வழக்குகள் இருக்கும். கூடங்குளம் அணுஉலை எதிர்ப்பின் முன்னணியில் நின்ற சுப. உதயகுமாரனும் புஷ்பராயனும் 2014 மக்களவைத் தேர்தலில் போட்டியிட்டபோது, இருவர் மீதும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் இருந்தன. எண்ணிக்கையை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் நாட்டின் மிகப் பெரிய குற்றவாளிகளின் பட்டியலில் அவர்கள் முதலிடத்துக்கு வந்துவிடுவார்கள். கொலை வழக்கில் குற்றச்சாட்டு வனையப்பட்ட ஒருவர், ஒரே ஒரு வழக்கோடு, பட்டியலின் அடியில் பத்திரமாக உட்கார்ந்திருப்பார். இந்த வேலையில் நேர்மை என்று ஒன்று இருந்தால், அது இந்த இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது.

எனவே அனுபவம் உள்ளவர்கள் வழக்குகளை எண்ணும் முன் பிரிக்கிறார்கள். ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றமா, ஜாமீனில் வர முடியாததா, உயிருக்கோ உடலுக்கோ எதிரானதா, பெண்களுக்கு எதிரானதா, பொதுப்பணம் சம்பந்தப்பட்டதா என்பது முதல் பிரிப்பு. வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது இரண்டாவது. காவல் நிலையத்தில் புகார் பதிவானதும், நீதிபதி ஆவணங்களைப் பார்த்துக் குற்றச்சாட்டு வனைந்ததும் ஒன்றாகிவிடாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால் இப்போது இரண்டு சட்டங்களின் எண்களும் தெரிந்திருக்க வேண்டும். பழைய 302 இப்போது 103. பழைய 307 இப்போது 109. பழைய 420 இப்போது 318-க்குள் வருகிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய எண்ணே தொடரும் என்பதால், இன்னும் பல ஆண்டுகளுக்கு ஒரே பத்திரத்தில் இரண்டும் கலந்துதான் வரும்.

பத்திரத்தில் உள்ள வழக்கு எண்ணை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் இட்டால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். சென்ற தேர்தலில் இருந்த வழக்கு இந்த முறை காணவில்லை என்றால் அது எங்கே போனது என்று தேட வேண்டும். விடுதலை ஆகியிருக்கலாம், உயர்நீதிமன்றம் ரத்து செய்திருக்கலாம், ஆட்சி மாறியபின் அரசே திரும்பப் பெற்றிருக்கலாம். கடைசியாகச் சொன்னதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், எம்.எல்.ஏ., எம்.பி.க்கள் மீதான வழக்கை உயர்நீதிமன்ற அனுமதி இல்லாமல் திரும்பப் பெறக் கூடாது என்று உத்தரவிட்டது. அதற்குப் பிறகு வாபஸான வழக்கு என்றால், அந்த அனுமதி இருக்கிறதா என்று கேட்கலாம்.

சொத்துப் பகுதியில் கண்ணை முதலில் இழுப்பது மொத்தத் தொகை. ‘ஐந்தாண்டில் மூன்று மடங்கு’ என்ற செய்தி அதிலிருந்துதான் பிறக்கிறது. மொத்தத் தொகையிலிருந்து தொடங்குபவர் வழி தவறிவிடுவார். புறநகரில் பரம்பரையாக வந்த ஐந்து ஏக்கர் நிலம், எதுவுமே வாங்காமல் விற்காமல், சந்தை மதிப்பால் மட்டும் மூன்று மடங்காகியிருக்கலாம். சரியான வழி, இரண்டு தேர்தல்களின் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சர்வே எண்ணுக்குச் சர்வே எண் சரிபார்ப்பது. பழைய எண் எல்லாம் அப்படியே இருக்கின்றனவா, எது போயிற்று, எது புதிதாக வந்தது, வந்ததற்கு எழுதியிருக்கும் கிரயத் தொகை அந்த ஐந்தாண்டு வருமானத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்தால் போதும். தங்கத்துக்கும் இதே விதி. ரூபாயைப் பார்க்கக் கூடாது. எடையைப் பார்க்க வேண்டும். 100 சவரன் இரண்டு தேர்தலிலும் 100 சவரனாகவே இருந்தால், மதிப்பு எவ்வளவு ஏறியிருந்தாலும் அதில் செய்தி இல்லை.

நில அளவில் தவறு நேர்வது சாதாரணம். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். வேட்பாளரின் உதவியாளர் அதை அப்படியே பத்திரத்தில் இறக்கிவிடுவார். 0.40.5 என்று இருந்தால் அது 40.5 ஏர், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர். அதை 40 ஏக்கர் என்று படித்து ஒருவரைப் பண்ணையார் ஆக்கிவிடவும் முடியும், 40 சென்ட் என்று படித்துப் பாதிக்கு மேல் விட்டுவிடவும் முடியும். தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா விவரத்தையும் வில்லங்க விவரத்தையும் இணையத்தில் சர்வே எண் கொண்டு பார்க்க முடிவதால் இந்தச் சந்தேகத்தை வீட்டிலிருந்தே தீர்த்துக்கொள்ளலாம். கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வசதி.

நிறுவனப் பங்குகளில்தான் சொத்து மிகச் சிறிதாகத் தெரியும். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனத்தின் பங்குக்குச் சந்தை விலையையும், சந்தையில் இல்லாத நிறுவனத்தின் பங்குக்குக் கணக்குப் புத்தக மதிப்பையும் எழுதலாம் என்று படிவமே சொல்கிறது. எனவே பல கோடி நிலத்தை வைத்திருக்கும் ஒரு குடும்ப நிறுவனத்தின் 10,000 பங்குகள், பத்திரத்தில் ஒரு லட்சம் ரூபாயாக நிற்கக்கூடும். இதில் சட்டமீறல் இல்லை. அந்த நிறுவனத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதன் ஆண்டுக் கணக்கைப் பார்ப்பவருக்குத்தான் உண்மை அளவு தெரியும். சுருக்கமாக ‘அசையும் சொத்து இவ்வளவு’ என்று எழுதுபவருக்கு அது தெரியாமலே போகும்.

படிவத்தின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. வேட்பாளர், வாழ்க்கைத் துணை, இந்துக் கூட்டுக் குடும்பம், சார்ந்து வாழ்பவர்கள் ஆகியோரின் சொத்தை மட்டுமே அது கேட்கிறது. தனியாகச் சம்பாதிக்கும் மகன், திருமணமான மகள், சகோதரர், மைத்துனர் பெயரில் இருப்பது எதுவும் இதில் வராது. பினாமி சொத்து என்று ஊரே பேசுவதைப் பத்திரத்தில் தேடிப் பயனில்லை. லோக் பிரஹரி தீர்ப்பு, பதவிக் காலத்தில் சொத்து எப்படிச் சேர்ந்தது என்று கண்காணிக்க நிரந்தர அமைப்பு வேண்டும் என்றது. அதை அமைக்காமல் விட்டது அரசின் குறை. அந்தப் பழியைப் படிவத்தின் மேல் போடக் கூடாது.

வெற்றுக் கட்டங்களைப் பற்றியும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2013இல் ரிசர்ஜன்ஸ் இந்தியா வழக்கில் உச்சநீதிமன்றம், எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்றது. ‘இல்லை’, ‘பொருந்தாது’, ‘தெரியாது’ என்று ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். அலுவலர் நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம். அதன் பின் காலிக் கட்டங்கள் குறைந்தன, ‘பொருந்தாது’ பெருகியது. வீடும் காரும் இருக்கும் ஒருவர் வருமானத்துக்கான வழி என்ற இடத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கையால் எழுதி, முத்திரை குத்தி, சாய்வாக ஸ்கேன் செய்த தமிழ்ப் பத்திரத்தைக் கணினி தானாகப் படிப்பது இன்றும் நம்பும்படியாக இல்லை. ஆகவே தட்டச்சு செய்யத்தான் வேண்டும். ஒரே பத்திரத்தை இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றி, இரண்டும் பொருந்தாத இடத்தில் மூன்றாமவர் மூலத்தைப் பார்ப்பது நல்ல முறை. ஒரு சுழியம் கூடினால் லட்சம் பத்து லட்சமாகிவிடும். படிக்க முடியாத இடத்தில் ‘தெளிவாக இல்லை’ என்று எழுத வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. ஒவ்வொரு தகவலோடும் மூலப் பத்திரத்தின் பக்க எண்ணைச் சேர்க்க வேண்டும். இவ்வளவையும் செய்யக் கிடைக்கும் காலம் குறைவு. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே 14 நாள்களாவது இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் பலர் கடைசி நாளன்று மதியம்தான் மனுத் தாக்கல் செய்வார்கள் என்பதால், பெரிய மாநிலத் தேர்தலில் அந்த இரண்டு சொச்சம் வாரத்துக்குள் ஆயிரக்கணக்கான பத்திரங்களைப் படித்தாக வேண்டும்.

கட்சிகளின் பங்கும் இதில் உண்டு. வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்ற காரணத்தைக் கட்சி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. ‘வெற்றி வாய்ப்பு’ என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்றும் சேர்த்தது. அதே ஆண்டு பீகார் தேர்தலில் அதை முறையாகப் பின்பற்றாததற்காக 2021 ஆகஸ்டில் எட்டுக் கட்சிகளுக்கு அபராதம் விதித்தது. ஆறு கட்சிகளுக்குத் தலா ஒரு லட்சம், இரண்டுக்குத் தலா ஐந்து லட்சம். அதன் பிறகும் கட்சிகள் எழுதும் காரணங்கள், பல வேட்பாளர்களுக்கு ஒரே வாசகமாக வருவதைக் காணலாம். படிப்பவர்கள் அதை வரிக்கு வரி பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

பொய் சொன்னால் என்ன ஆகும்? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது மிகவும் குறைவு. வலுவான ஆயுதம் தேர்தல் வழக்கு. அதற்கு வழிகாட்டிய தீர்ப்புகளில் ஒன்று கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி ஊராட்சியிலிருந்து போனது. 2006இல் அங்கே தலைவராக வென்றவர் தன் மீதிருந்த வழக்குகள் அனைத்தையும் சொல்லவில்லை. 2015 பிப்ரவரியில் கிருஷ்ணமூர்த்தி எதிர் சிவக்குமார் வழக்கில் உச்சநீதிமன்றம், கடுமையான வழக்கை மறைப்பது வாக்காளரின் சுதந்திரமான தேர்வில் தலையிடுவது, அது முறைகேடான செயல், தேர்தல் செல்லாது என்றது. ஓர் ஊராட்சித் தலைவர் பதவிக்காக எழுந்த கேள்வி நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று.

எதிர்ப்பக்க எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். அருணாசலப் பிரதேசத்தின் தேசு தொகுதியில் 2019இல் வென்ற கரிகோ கிரி, ஏற்கெனவே கைமாறிவிட்ட மூன்று வண்டிகளைப் பத்திரத்தில் எழுதவில்லை. பதிவேட்டில் பெயர் மாறாமல் இருந்ததால் உயர்நீதிமன்றம் அவர் தேர்தலை ரத்து செய்தது. 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் வேட்பாளர் சொல்ல வேண்டியதில்லை. வாக்காளரின் முடிவைப் பாதிக்கும் அளவுக்குக் கனமானதாக இருந்தால் மட்டுமே மறைத்தது குற்றம் என்றது. அந்த அளவுகோல் நியாயமானது. கைக்கடிகாரத்தைத் துரத்துபவர்கள் கல்குவாரியைத் தவறவிடுவார்கள்.

இருபது ஆண்டுகளின் பலன் என்ன என்ற கேள்விக்கு எண்கள் ஆறுதல் தருவதில்லை. ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கத்தின் கணக்குப்படி, தங்கள் மீது குற்ற வழக்கு இருப்பதாக அறிவித்த மக்களவை உறுப்பினர்கள் 2009இல் 162 பேர், 2014இல் 185, 2019இல் 233, 2024இல் 251. அதாவது 543இல் 46 சதவீதம். கோடீஸ்வரர்கள் 2009இல் 58 சதவீதம், 2024இல் 93 சதவீதம். படிவம் விரிந்ததும், மறைக்க அஞ்சி அதிகம் சொல்லத் தொடங்கியதும் இந்த ஏற்றத்தில் ஒரு பங்கு என்றாலும், கட்சிகள் அத்தகையவர்களையே மேலும் மேலும் நிறுத்துகின்றன என்பதை அது மறைத்துவிடாது. வெளிப்படைத்தன்மை வந்தாலே அரசியல் தூய்மையாகும் என்ற 2003ஆம் ஆண்டின் நம்பிக்கை நிறைவேறவில்லை. ஆனால் இந்த எண்களே அந்தப் பத்திரங்களால் கிடைத்தவை. அவை இல்லாதிருந்தால் இப்படி ஒரு வாதமே நடந்திருக்காது.

படிக்க விரும்புபவர் தன் தொகுதியிலிருந்து தொடங்கலாம். தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளத்திலோ அதன் கைபேசிச் செயலியிலோ மாநிலம், தொகுதி கொடுத்தால் எல்லா வேட்பாளர்களின் பத்திரங்களும் கிடைக்கும். கட்டணம் எதுவும் இல்லை. கிடைத்த அன்றே இறக்கிச் சேமித்துக்கொள்ள வேண்டும். வென்றவர் ஒன்றை மறைத்திருக்கிறார் என்று ஆதாரத்தோடு தெரிந்தால், முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள்களுக்குள் அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுக்கலாம். 46ஆவது நாள் அந்தக் கதவு மூடிவிடும்.